சேவுகன் பார்த்த முழுக் கிரகணம்

என் அக்கா புருஷன் சேவுகனைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்கலாம் என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. படுத்தவுடன் தூங்கிவிடுவார். அது நல்லதில் சேருமா என்று தெரியவில்லை.

இலுப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே பிறந்து, ஏர் பிடிக்க உடம்பு வணங்காமல், மீசை அரும்பியதும் சிலோனுக்குக் கப்பலேறியவர் அவர். மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மளிகைக் கடையில் பொட்டலம் கட்டினார். லீவில் ஊருக்கு வந்தால் அதுவே ‘மேனேஜர் உத்தியோகம்’ ஆகிவிடும். அந்த மேனேஜருக்குத்தான் என் அக்கா அழகம்மாளைக் கட்டிக்கொடுத்தார்கள். மேனேஜரம்மா அங்கே போய்ச் செய்தது, கடைக்குப் பின்னால் ஒரு அறையில் சோறு பொங்கியதும் புருஷனுடைய வேட்டிக்கு நீலம் போட்டதும்தான்.

வேட்டி அப்படி வெளுப்பாக இருக்க வேண்டும் அவருக்கு. வேட்டியை வெளுக்கலாம், மேனியை என்ன செய்வது? எங்கள் ஊரில் எல்லோரும் கருப்புதான், ஒருவரும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. தன் நிறத்தை ஒரு வியாதி மாதிரி நினைத்துக்கொண்டு திரிந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் முகத்தில் பவுடர் அப்பிக்கொள்வார். வியர்த்தால் கழுத்தில் கோடு கோடாக இறங்கும். அதோடேயே கடையில் நிற்பார்.

ஐம்பத்தாறில் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பினார். கூட அக்காவும், சிலோனில் பிறந்த கைக்குழந்தையும். டிரங்குப் பெட்டி ஒன்று, குடை ஒன்று, அப்புறம் ஒரு கதை. ஊரில் மளிகைக் கடை போட்டார். அங்கே சாமான் வாங்கப் போனவர்கள் எல்லோரும் அந்தக் கதையையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

கதை கிரகணக் கதை. ஐம்பத்தைந்து ஆனி மாதத்தில் காலை நேரத்தில் ஒரு சூரிய கிரகணம் வந்தது. எங்களுக்கு அது பாதி கிரகணம். சிலோனில் அவர் இருந்த பக்கம் முழுக் கிரகணம். எங்கள் ஊரில் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்திவைத்து, அது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாசமாக இருந்த பெண்களை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் வாசலில் ஒரு சட்டியில் சாணியைக் கரைத்துவைத்து அதில் சூரியனைப் பார்த்தேன். ஓரத்தில் லேசாகத் தேய ஆரம்பித்து, மெல்ல மெல்ல நகத்துண்டு அளவுக்கு வந்து, பிறகு அதே நிதானத்தில் வளர்ந்தது. வெயில் மங்கியதே தவிர இருட்டவில்லை.

“அதெல்லாம் ஒரு கிரகணமாடா?” என்பார் மச்சான். “எலி கொறிச்ச அப்பளம். நான் பாத்தேன் பாரு, அது கிரகணம்! வெயில் சுள்ளுனு அடிச்சுக்கிட்டு இருக்கு. பானைய மூடி போட்டு மூடுனாப்ல டப்புனு இருட்டிருச்சு. முழுசு வேற, பாதி வேற.”

“கொஞ்சங்கொஞ்சமாத் தேயலையா மச்சான்? டப்புனா மூடுச்சு?” என்று ஒரு தரம் கேட்டேன்.

“சிலோன் கிரகணம் அப்படித்தான். ஒனக்கு என்ன தெரியும்? புளி நிறுக்கணும், தள்ளு.”

அக்கா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டும் முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவள் அப்படித்தான். அவளுடைய பொறுமையை ஊர் புகழும். எனக்கு எரிச்சலாக வரும்.

இந்த ஆளுடைய பீற்றலைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஊரில் செவந்தி என்று ஒரு பெண் இருந்தாள். எங்கள் அடுத்த வீட்டில் பிறந்து, அதே ஊரில் ராக்காயி மகன் நாகராசுவுக்கு வாழ்க்கைப்பட்டவள். அந்தக் கிரகணத்தன்று அவள் மாசமாக இருந்தாள். கதவைச் சாத்தி உள்ளேதான் உட்கார்ந்திருந்தாள். கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் ஓடியதும் பதறிப்போய் வெளியே வந்து பிடித்துக் கட்டினாள். கார்த்திகையில் ஆண் பிள்ளை பிறந்தது. மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது.

கிரகணம் கடித்த பிள்ளை என்றாள் மாமியார் ராக்காயி. தீட்டுக் கழிந்ததும் தாயையும் பிள்ளையையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பிள்ளைக்குப் பால் குடிக்க வராது. செவந்தி சங்கில் ஊற்றி ஊற்றி வளர்த்தாள். நாகராசு அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆறடி உயரம், அம்மா முன்னால் நின்றால் வாயில் கொழுக்கட்டை. இப்படியே பிள்ளைக்கு ஒரு வயசு தாண்டியது. அந்தத் தை மாதம் ராக்காயி, மகனுக்குக் கீரனூரில் வேறு பெண் பார்த்துவிட்டாள். செவந்தியை அத்துவிட வேண்டும். அதற்காக ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினாள்.

கூட்டம் மச்சான் கடை வாசலில்தான் நடந்தது. கிரகணத்தைப் பற்றித் தெரிந்தவர் என்று ஊரில் அவருக்குப் பேராகிவிட்டதே! முகத்தில் பவுடரோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். நாகராசு அம்மாவுக்குப் பின்னால் நின்றான். செவந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். முந்தானையால் பிள்ளையின் வாயை மூடியிருந்தாள்.

“தம்பி, நீங்க முழுசையே பாத்தவுக. நீங்களே சொல்லுங்க. இந்தத் தோசம் இதோட போயிருமா? அடுத்த பிள்ளையும் இப்படித்தானே பொறக்கும்?” என்றாள் ராக்காயி.

மச்சான் தொண்டையைச் செருமினார். ராக்காயி வீடு மாசாமாசம் மூட்டைக் கணக்கில் சாமான் வாங்குகிற வீடு.

“முழுக் கிரகணத்துல பயமில்ல, ஆத்தா. அது ராசா மாதிரி. டப்புனு வரும், டப்புனு போயிரும். இந்தப் பாதிதான் வெசம். அரைகுறையா மறைஞ்சா அரைகுறையாத்தான் பொறக்கும். இந்த வயித்துல இனிமே நல்ல பிள்ளை தங்குறது கஷ்டந்தான்.”

செவந்தி சத்தம் போட்டு அழவில்லை. பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். எனக்கு மச்சானைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. நான் எழுந்திருப்பதற்குள் கடைக்குள் முறம் விழுகிற சத்தம் கேட்டது. அக்கா வெளியே வந்தாள்.

“அந்த முழுக் கிரகணத்தை இவுக பாக்கலை” என்றாள். “நான்தான் பாத்தேன்.”

“உள்ள போ, அழகு” என்றார் மச்சான்.

“போகலை. கிரகண நேரத்துல வசம்பை அரைச்சுக் குடிச்சா மேனி செவக்கும்னு தோட்டத்துல எவனோ கெளப்பிவிட்டான். இவுக விடிஞ்சதும் ஒரு செம்பு நெறையக் குடிச்சாக. சூரியன் தேய ஆரம்பிக்கையில இவுகளுக்கு வாந்தி ஆரம்பிச்சிருச்சு. மேலயும் போச்சு, கீழயும் போச்சு. சன்னலைச் சாத்திக்கிட்டு உள்ள சுருண்டு கெடந்தாக. கண்ணு தொறந்து பாக்கையில இருட்டா இருந்திருக்கு. அதான் டப்புனு இருட்டுச்சுங்குறாக.”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

“இவுகளைக் கழுவிவிடத் தண்ணி வேணாமா? கொழாய்க்கும் வீட்டுக்கும் கொடத்தோட நடந்தது நானு. இந்தா, இவ என் வயித்துல இருந்தா.” பின்னாலேயே ஓடிவந்த மகளைத் தூக்கி எல்லோருக்கும் தெரியும்படி காட்டினாள். கொழுகொழுவென்று இருந்த அந்தப் பெண், கூட்டத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது. “நடுவுல மறைச்ச மேகம் வெலகுச்சு. சூரியன் இருந்த எடத்துல கறுப்பா ஒரு வட்டம். சுத்திவர வெள்ளை வெளிச்சம். கொடத்தை எறக்கி வச்சுட்டு நின்னேன். எனக்கு அழுகை வந்துருச்சு. பயத்துல இல்ல. அப்படி இருந்துச்சு அது.”

ராக்காயி லேசில் விடுகிறவளா? “அது முழுசு. தம்பிதான் சொல்லிட்டாரே, முழுசுல பயமில்லைன்னு. செவந்தி நின்னது பாதியிலதானே!”

அக்கா அவளை நேராகப் பார்த்தாள்.

“முழுசாகுறதுக்கு முந்தி பாதியா இருக்காதா? கொஞ்சங்கொஞ்சமாத் தேஞ்சுதான் முழுசாச்சு. பெறகு மறுபடி பாதியாகித்தான் வெளிய வந்துச்சு. முந்துன பாதியிலயும் நின்னேன், முழுசுலயும் நின்னேன், பிந்துன பாதியிலயும் நின்னேன். செவந்தி ஒரு கன்னுக்குட்டியக் கட்டுற நேரந்தான் நின்னா. என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே, ஏன்? சொல்லுங்க. பாத்தவுக யாராச்சும் இருந்தா சொல்லுங்க.”

மச்சான் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். வியர்வையில் பவுடர் சட்டைக் காலரில் இறங்கிக்கொண்டிருந்தது.

செவந்தி அப்போதுதான் பிள்ளையின் வாயை மூடியிருந்த முந்தானையை எடுத்தாள். எடுத்துவிட்டு நாகராசுவுக்கு முன்னால் போய் நின்றாள். “நல்லாப் பாருங்க. பொறந்ததுலேருந்து நீங்க பாக்கலையே” என்றாள். அவன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டான். அம்மாவைக் கேட்காமல் அவன் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் கோடையில் திருச்சிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் உதட்டைத் தைத்தார்கள். பிறந்த சில மாதத்திலேயே தைத்திருக்கலாமே என்று டாக்டர் திட்டினாராம். எங்கே கொண்டுபோவது? எங்கள் ஊர்தான் ஒன்றரை வருஷமாகச் சூரியனோடு வழக்காடிக்கொண்டிருந்ததே! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஊரைப் பார்த்துக் காறித் துப்பத் தோன்றும்.

மறு வருஷம் சித்திரையில் இன்னொரு கிரகணம் வந்தது. அதுவும் காலையில், அதுவும் பாதிதான். ராக்காயி வீட்டில் தாம்பாளத்தில் உலக்கை நின்றது. செவந்தி மறுபடி மாசமாக இருந்தாள். மாமியார் கூப்பிடக் கூப்பிட, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்கு வந்தாள். அக்கா சாணித் தண்ணீர்ச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். இரண்டு பேரும் குனிந்து, சூரியன் தேய்ந்து வளர்வதை முழுக்கப் பார்த்தார்கள். செவந்தி இரண்டு தரம் கதவுப் பக்கம் திரும்பினாள். நான் பார்த்தேன். ஆனாலும் அவள் உள்ளே போகவில்லை.

மச்சான் உள்ளே இருந்தார். கதவைச் சாத்தி, சன்னலைச் சாத்தி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

ஆவணியில் செவந்திக்குப் பெண் பிறந்தது. உதடு முழுசாக இருந்தது. பேர் வைக்கிற அன்றைக்கு மச்சான் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

“நான்தான் சொன்னேன், தைரியமா வெளிய நில்லு ஆத்தான்னு. முழுசையே பாத்தவனுக்குத் தெரியாதா?”

அக்கா அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.