கலர் ஏற்றாத முகம்

சென்ற வாரம் சீர்காழி போகும் வழியில், நெல் கொள்முதல் நிலையத்தின் முன் பஸ் நின்றது. மழை வருமோ என்று வானம் பயமுறுத்திக்கொண்டிருந்தது. களத்தில் கிடந்த நெல் குவியல்களைப் பழைய ஃப்ளெக்ஸ்களால் மூடியிருந்தார்கள். கட்சித் தலைவர்கள், கல்யாண ஜோடிகள், கண்ணீர் அஞ்சலிகள், எல்லாரும் நெல்லுக்குக் காவல். அவர்களுக்கு நடுவே ஒரு சிறுமியின் முகத்தைக் கண்டதும் இறங்கிவிட்டேன். அது அக்காவின் மகள்.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. கும்பகோணத்தில் ஃப்ளெக்ஸ் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவர். மஞ்சள் நீராட்டு விழாப் படங்கள் எல்லாம் அவர் கைக்குத்தான் போகும். பெண் முகம் வந்தால் யாரும் சொல்லாமலே வெளுப்பாக்கிவிடுவார். கடையில் அதற்குப் பெயர் கலர் ஏற்றுவது. சிவப்பாக இருந்தால் கலர், கறுப்பாக இருந்தால் கலர் கம்மி. கறுப்பும் ஒரு கலர்தான் என்று நம் ஊரில் கணக்கே இல்லை. கல்லூரியில் படித்த சூட்டோடு நான் வாதாடுவேன். நாற்சந்தியில் நிற்கும் இந்தப் படங்களைப் பார்த்து வளரும் பெண்பிள்ளைகள் தங்கள் முகத்தையே வெறுப்பார்கள் என்பேன். ஜனங்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம், ஃப்ளெக்ஸைப் பார்த்து யார் கெட்டுப்போனார்கள் என்று அக்கா சிரிப்பார். அவரும் நல்ல கறுப்பு. அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பிறகு அவர் மகளே பெரியவளானாள். ஃப்ளெக்ஸ் வைத்தே ஆக வேண்டுமென்று தாய்மாமன் ஒற்றைக்காலில் நின்றார். விழாவுக்குச் சில நாள் முன்பு அந்தப் பெண்ணும் கடைக்கு வந்தாள். திரையில் இன்னும் கலர் ஏற்றாத தன் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"இது வேணாம்மா. ஊருல உள்ள பிள்ளைங்களுக்கெல்லாம் போடுறியே, அந்த மூஞ்சிய எனக்கும் போடு."

அக்காவின் கை மவுஸின்மேல் அப்படியே நின்றது. அன்று அவர் சிரிக்கவில்லை. மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு புள்ளிகூட மாற்றாமல் படத்தைப் பிரிண்டுக்குக் கொடுத்தார்.

மண்டப வாசலில் வந்தவர்களெல்லாம் மிஷின் ரிப்பேரா, மை கூடிப்போச்சா என்று விசாரித்தார்கள். ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள் பிள்ளைக்கே பிரிண்ட் சரியில்லையே என்று தாய்மாமன் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு பெண் இருக்கிற நிறத்திலேயே அச்சாவாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளோ மேடை நாற்காலியில் கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெகுநாள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "சரியாத்தான் செஞ்சேன். ஆனா புள்ள மனசு ஒடிஞ்சிருச்சே" என்று அக்கா என்னிடம் அழுதார். வாதத்தில் ஜெயித்தது நான்தான். அதில் எனக்குத் துளி சந்தோஷமும் இல்லை.

அக்கா இப்போது இல்லை. அவர்கள் குடும்பத்தின் குத்தகை நிலத்தை மகள்தான் பார்க்கிறாள்; அந்த நெல்லும் அவளுடையதுதான். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் கிடந்து கிடந்து ஃப்ளெக்ஸ் வெளுத்திருந்தது. அக்கா ஏற்ற மறுத்த கலரை வெயில் ஏற்றிவிட்டது. தூறல் விழ ஆரம்பித்தது. அவள் ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறுமுனையைப் பிடித்தேன். படம் நெல்லின் பக்கம் போகும்படி திருப்பிப் போர்த்தினோம்.

"அன்னைக்கு இதைக் கிழிச்சுப் போடணும்னு இருந்துச்சு சித்தி. இப்ப வெளுக்குதேன்னு வருத்தமா இருக்கு."