புடவைக்குள் போன விமானம்

எங்கள் குடும்பத்தில் அன்றைக்கு விமானத்தில் ஏறியவர்கள் ஒருவரும் கிடையாது. ஆரணியிலிருந்து மெட்ராஸ் போவதே பெரிய பிரயாணம். முந்தின நாளே புளிசாதம் கிளறுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பொம்மை விமானத்தின் செய்முறைத் தாளுக்காக ஒன்றரை வருஷம் அலைந்தார்கள் என்று நான் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தத் தாளைத் தொலைத்தவள் நான் என்பதால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சித்தப்பாவின் ஒரே மகன், எனக்கு அண்ணன், அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். எனக்கு வயது பத்து. செய்யாறு பக்கம் கம்பெனியில் வேலை பார்த்த யாரோ ஒரு இன்ஜினியர் வீட்டைக் காலி செய்தபோது பழைய சாமான் கடைக்கு ஒரு பெட்டி வந்தது. பொங்கலுக்குக் கிடைத்த காசையெல்லாம் கொடுத்து அண்ணன் அதை வாங்கிவந்தான். மூடியில் மேகத்துக்கு மேலே பறக்கும் விமானத்தின் படம். உள்ளே தக்கை மாதிரி எடையே இல்லாத மரக் குச்சிகள், மெல்லிய பலகைகள், ஒரு சிவப்பு விசிறி, இறக்கைக்கு ஒட்டும் சல்லாத்தாள். எல்லாம் இருந்தது. எந்தக் குச்சி எங்கே போகும் என்று சொல்லும் தாள்தான் இல்லை. அதைத் தயாரித்த வெளிநாட்டுக் கம்பெனியை நாங்கள் பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டார்களாம்.

அண்ணன் விடவில்லை. பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த பிரவுசிங் சென்டருக்குச் சனிக்கிழமைதோறும் போவான், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. பழைய விமானப் பெட்டிகளைச் சேர்த்து வைக்கும் கிழவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள் என்று அங்கேதான் தெரிந்தது. அவர்களுக்கெல்லாம் தன் தப்பும் தவறுமான இங்கிலீஷில் எழுதுவான். சிலர் பதில் போட்டார்கள். ஒருவர் படம்கூட அனுப்பினார். அது வேறு விமானம், இறக்கையின் வளைவு வேறு என்று அண்ணன் உதட்டைப் பிதுக்கினான்.

சித்தப்பாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. பட்டுத்தறிக்காரர், ஒரு பொழுதும் தறிக்குழியை விட்டு எழுந்திருக்க மாட்டார். "பேஜாரு புடிச்ச வேலை. அந்தக் குச்சிய அடுப்புல வெச்சா ஒரு டீயாச்சும் போடலாம்" என்பார். அண்ணன் கோபித்துக்கொண்டு சோறு தின்னாமல் படுப்பான். சித்திதான் கெஞ்சி எழுப்புவாள்.

கடைசியில் ஒரு கிழவர் கிடைத்தார். சின்ன வயதில் அதே விமானத்தைச் செய்தவராம். அதன் அசல் தாள் தன்னிடம் இருக்கிறது, விரல்கள் இனி மடங்காததால் தனக்கு அது பயன்படாது, தேடியெடுத்துத் தபாலில் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். அண்ணன் பிரவுசிங் சென்டரிலேயே குதித்தான். கடைக்காரர் அதட்டி உட்கார வைத்தார்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள். வேலூருக்குக் கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. இதற்கு மேல் இதை எழுத எனக்கு வராது.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் பெயருக்குப் பெரிய உறை ஒன்று வந்தது. சித்தப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினார். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் அன்றைக்கு எழுந்து முகம் கழுவினார். போர்வை அகலத்துக்கு விரிந்த தாள் அது. ஒரு பக்கம் நெருக்கமான இங்கிலீஷ், மறுபக்கம் பொம்மை விமானத்தின் நிஜ அளவுப் படம். அந்தப் படத்தின் மேலேயே குச்சிகளைக் குண்டூசியால் குத்தி ஒட்ட வேண்டும். ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய தாளுக்கு ஊரில் மெஷின் இல்லை, நாலாக வெட்ட வேண்டும் என்றதும் சித்தப்பா மாட்டேன் என்றுவிட்டார்.

அன்றிலிருந்து அவர் தறிப் பக்கம் போகவில்லை. பகல் முழுக்கப் பலகைமேல் தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இங்கிலீஷ் வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்வேன். எங்கள் இருவருக்கும் பாதிக்குப் பாதி விளங்காது. ஒரு குச்சி ஒட்டினால் இரண்டு குச்சி பிடுங்குவார்.

"அவன் வந்து கேட்டா இன்னா சொல்றது பாப்பா? கோணலா ஒட்டிகினு கீற நைனான்னு சிரிப்பான்" என்பார்.

எனக்கு அது சாதாரணமான பேச்சாகவே பட்டது. சமையலறையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்கும். ஒரு நாள் சித்தப்பா, அவனுக்கும் ஒரு டம்ளர் டீ வை என்று குரல் கொடுத்தார். சித்தி வைத்தாள். ஆடை படிந்தபின் எடுத்துக்கொண்டு போனாள்.

தறியில் பாதிப் புடவை அப்படியே நின்றிருந்தது. களம்பூர் ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆர்டர் எடுத்த புடவை. எலுமிச்சை மஞ்சளில் அரக்குக் கரை. ஜல்தி ஜல்தி என்று பட்டுக்கடைக்காரர் ஆள்மேல் ஆள் அனுப்பினார். சித்தப்பா காதிலேயே வாங்காததால் சித்தி தானே தறிக்குழியில் இறங்கி, இருபது நாளில் அதை முடித்தாள்.

சித்தப்பா பசையும் வார்னிஷும் வாங்க மெட்ராஸ் போயிருந்த அன்று புடவையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்தோம். மடிப்பதற்கு ஆள் வேண்டுமென்று சித்தி என்னைக் கூப்பிட்டாள். பட்டுப் புடவை மடிக்கும்போது முந்தானைக்கு நடுவே தாள் வைப்பது வழக்கம். ஜரிகையோடு ஜரிகை உரசக் கூடாது. பழைய காலண்டர் தாள்தான் வைப்போம். நான் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்க, சித்தி அலமாரியைத் திறந்து மடித்த ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "இத்த வெச்சி மடி" என்றாள். மேலே இங்கிலீஷ் தெரிந்தது. பராக்குப் பார்த்துக்கொண்டே வைத்தேன், மடித்தேன். சாயங்காலம் புடவை களம்பூர் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து வந்த சித்தப்பா வீட்டைப் புரட்டிப் போட்டார். அப்போதுதான் எனக்கு அந்த இங்கிலீஷ் எழுத்து ஞாபகம் வந்தது.

"நாந்தான் சித்தப்பா புடவைல வெச்சிட்டேன்" என்றேன்.

சித்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் அவள் கொடுத்ததைச் சொல்லவில்லை. வைத்தது என் கைதானே.

சித்தப்பா அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தார். புடவையை அடையாளம் காட்ட நான் வேண்டுமாம். அவர் நெய்ய ஆரம்பித்த புடவை அது. அதைக்கூட மறந்திருந்தார்.

களம்பூரில் அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மறுநாள் கல்யாணம். மணப்பெண்ணின் அம்மா, நெய்தவர் வந்திருக்கிறார் என்றதும் தாம்பாளத்தில் வைத்துப் புடவையைக் கொண்டுவந்துவிட்டார். ஜாக்கெட் வெட்டி, குஞ்சம் கட்டியாகிவிட்டது. உள்ளே தாள் இல்லை.

"அந்தப் பேப்பருங்களா? பெரிசா கீதேன்னு அதிரசம் வடிக்கப் போட்டுட்டாங்க" என்று பின்கட்டைக் காட்டினார்.

பின்கட்டில் தாள் விரிந்துகிடந்தது. மேலே வரிசையாக அதிரசம். எண்ணெய் ஊறி இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிந்தது. இங்கிலீஷ் எழுத்தெல்லாம் விமானத்தின் மேல் எறும்பாக ஊர்ந்தது. ஒரு இறக்கை இருந்த பக்கத்தைக் கிழித்து, அடுப்புப் பற்றவைத்திருந்தார்கள். மிச்சத்தை எடுக்கப் போனால் வெல்லம் ஒட்டிக்கொண்டு சித்தப்பாவின் கையோடு பிய்ந்து வந்தது.

விவரம் தெரியாத அந்த அம்மா பதறிப்போனார். "முக்கியமான பேப்பருங்களா? கவர்மெண்டு பேப்பரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சித்தப்பா தலையை மட்டும் ஆட்டினார். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று அந்த அம்மா என் கையில் இரண்டு அதிரசம் வைத்தார். நான் தின்றேன். அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னமும் வெட்கமாக இருக்கிறது. பசி, தின்றுவிட்டேன். ருசியாகவும் இருந்தது.

பஸ்ஸில் சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பாதி வழியில் என் பக்கம் திரும்பினார்.

"அவன் இல்ல பாப்பா. செத்துட்டான்" என்றார்.

"எனக்குத் தெரியுமே சித்தப்பா" என்றேன் நான்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி, கிடைத்ததா என்று கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். சித்தப்பா பலகைக்குப் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து, வாய்விட்டு, மாடு கத்துவதைப் போல அழுதார். சுடுகாட்டில்கூட அவர் அப்படி அழுததில்லை என்று பெரியவர்கள் பிற்பாடு சொன்னார்கள். சித்தி அவர் தலையை மடியில் இழுத்துக்கொண்டு, "அழுவுங்க, அழுவுங்க" என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதாள்.

ஒரு தாளுக்காகப் பெரியவர்கள் இப்படி அழுவார்களா என்று நான் நடுங்கிப்போனேன். எல்லாம் என்னால்தான். பக்கத்தில் போய், அழாதீங்க சித்தப்பா, அந்த வெளிநாட்டுத் தாத்தாவுக்கு நாளைக்கே நான் லெட்டர் எழுதறேன், வேற தாள் இருந்தா அனுப்புவார் என்றேன்.

சித்தி சட்டென்று என் வாயைப் பொத்தினாள். "வாணாம்டி கண்ணு. எழுதாத. எப்பவும் எழுதிடாத" என்றாள்.

என் இங்கிலீஷில் தப்பு இருக்கும் என்றுதான் அவள் வேண்டாமென்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு தாள் வந்துவிட்டால் அதையும் அவள் தன் கையாலேயே தொலைக்க வேண்டியிருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.