சாமித்தம்பி ஏன் மரத்தில் ஏறினார்

புரட்டாதி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. மனைவிக்குக் காய்ச்சல் என்பதால் நான் குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். ரெலிபோன் அடித்தது. சாமித்தம்பியின் மனைவி பாக்கியம். "அண்ணன், பொலிஸ் வந்து நிக்கிது. இவர் மரத்தால விழுந்து செத்துப்போனார் எண்டு சொல்றாங்க போல. என்ன மரம், எங்க மரம் எண்டு எனக்கு ஒண்டும் விளங்குதில்ல. நீங்க வந்து கேளுங்க."

எனக்கு விளங்கியது. அது எந்த மரம், அதில் அவரை ஏறச் சொன்னது யார் என்று நம்மவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி கேட்ட நண்பர்கள், "அந்த மான் கதை வேண்டாம் அண்ணை. விபத்தில காலமானார் எண்டு போட்டால் காணும். ஆக்கள் ஒரு மாதிரி நினைப்பினம்" என்றார்கள். சாமித்தம்பி உயிரோடு இருந்தபோது அவரைப் பிறந்தநாள் வீடுகளில் "வேடன்" என்று கூப்பிட்டுச் சிரித்தவர்கள் இவர்கள்தான். அவர் மட்டக்களப்புத் தமிழில், பிறகு என்பதற்கு "மறுகா" என்றால் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டியவர்களும் இவர்கள்தான். ஆகவே மான் கதையைத்தான் எழுதுகிறேன். விருப்பமில்லாதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

அவருக்கு ஊர் வாகரைப் பக்கம், காட்டோரம் சேனைப் பயிர் செய்த குடும்பம். எண்பத்து நான்கில் இங்கே வந்தார். மில்லிக்கனில் காருக்குப் பிளாஸ்ரிக் உறுப்புகள் செய்யும் பக்ரறியில் எனக்கு அடுத்த மெஷின் அவருடையது. ஆங்கிலம் அவருக்கு வரவில்லை. வேலைத்தளத்தில் அவருக்கு வாயும் காதும் நான்தான்.

மூன்று வருடத்துக்கு முந்தி ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில் எங்கள் போர்மன் டக் ஒரு படத்தைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினார். ஸ்ரௌவ்வில்லுக்கு அப்பால் அவருடைய மச்சானுக்குச் சோளக் காணி இருந்தது. அதன் ஓரத்துக் காட்டில் பட்டை உரிந்து நின்ற, சீடர் என்ற ஊசியிலை மரம் ஒன்றின் படம் அது. சாமித்தம்பி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இதை எடுத்தவர் சோளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டா நின்றார் என்று கேட்கச் சொன்னார். ஆமாம் என்றார் டக். "அப்ப இது விடியக்காலம் சோளம் தின்றுபோட்டுத் திரும்பிப் போகக்குள்ள உரசினது. மான் எந்தப் பக்கத்தால வருதோ அந்தப் பக்கத்துப் பட்டையைத்தான் கொம்பால உரசும். சின்னக் கலைமான் சின்னத் தடியில உரசும். இந்த மரம் என்ர தொடைப் பருமன். ஆள் பெரியவர்." நான் மொழிபெயர்த்தேன். டக் தன் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த வருடத்திலிருந்து புரட்டாதி ஞாயிறுகளில் டக் அவரைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். மொழிபெயர்க்க நானும் போனேன். மான் தடம் பார்ப்பதற்கு ஏற்ற மாதம் இதுதான் என்பார் சாமித்தம்பி. "இப்ப அதுக்குப் பயமில்ல. விடுற அடையாளமெல்லாம் உண்மை. துவக்குச் சத்தம் கேட்டால் மறுகா பாதைய மாத்திரும்." கொப்புத் தாழ்ந்த இடத்தில் மான் காலால் பிறாண்டிய மண்ணைக் கிள்ளி மணந்து பார்ப்பார். உரிந்த பட்டைத் தும்பு சருகுக்கு மேலே கிடக்கிறதா, கீழே கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்; மேலே கிடந்தால் புதிது. ஓர் உரசலை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லமாட்டார். மூன்று மரத்திலாவது உரசல் ஒரே பக்கம் பார்த்து இருந்தால்தான் வாய் திறப்பார். அவரிடம் துவக்கும் இல்லை, வில்லும் இல்லை. மானைச் சுடும் ஆசையும் இருக்கவில்லை. தான் சொன்னது சரியா என்று அறிவதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

வேட்டை தொடங்கும் கார்த்திகையில் டக் அவரைக் கூப்பிட்டதே கிடையாது. "வேட்டைக் கொட்டிலில் இடமில்லை" என்று ஒவ்வொரு வருடமும் சொன்னார். போன வருடம் சாமித்தம்பி காட்டிக்கொடுத்த அதே மான் ஒழுங்கையில் அந்தப் பெரிய கலைமானைச் சுட்டார்கள். டக் அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் பக்ரறிச் சாப்பாட்டறைச் சுவரில் ஏறியது. "இரண்டு கிழமை தனியாகத் தடம் பார்த்தேன்" என்று எங்கள் முன்னாலேயே மற்றவர்களுக்குச் சொன்னார். நான் குறுக்கே பேச எழுந்தேன். சாமித்தம்பியோ, அது எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேட்கச் சொன்னார். பின்னேரம், சீடர் மரங்களுக்குள்ளால் என்றார் டக். சாமித்தம்பியின் முகம் பூரித்துவிட்டது. காரில் நான் ஏசிக்கொண்டு வந்தபோது, "நீங்க ஏன்கா கோபிக்கிறீங்க? நான் சொன்ன வழியாலதானே வந்திருக்கு" என்றார். எனக்கு அன்று அவர்மீதும் கோபம் வந்தது.

இந்த வருடம், அந்த ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து கார் நிற்கும் இடத்துக்கு வந்தோம். டக் வந்து, மேற்குப் பக்கத்தில் பெரிய மரம் ஒன்றில் பரண் அடித்திருப்பதாகச் சொன்னார். அதில் ஏறி இருந்து, எந்தப் பாதை தெரிகிறது என்று பார்த்துச் சொல்லவேண்டுமாம். பரண் உறுதியா என்று கேட்கச் சொன்னார் சாமித்தம்பி. "இளவேனிலில்தான் புதுப் பலகை போட்டேன்" என்றார் டக். நான் அப்படியே தமிழில் சொன்னேன்.

ஞாயிறு நான் போகவில்லை. சாமித்தம்பி, தான் புதிதாக வாங்கிய பழைய காரில் தனியாகப் போனார். பக்கத்துக் காணிக்காரர் மதியம்போல அவரைக் கண்டெடுத்தார்.

மரணச் சடங்கு மண்டபத்துக்கு டக் பூவளையத்தோடு வந்தார். "அவனுக்குக் காடென்றால் உயிர்" என்று ஆரம்பித்தார். பாக்கியம் அழுகையை நிறுத்திவிட்டு என்னிடம், "ஏறச் சொன்னது இவரா எண்டு கேளுங்க அண்ணன்" என்றார். கேட்டேன். டக் என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்: "பலகை உக்கிப்போனது, ஏறாதே என்றுதான் நான் சொன்னேன். உனக்கும் அது தெரியும்."

மொழிபெயர்க்கவேண்டியது என் வேலை. மொழிபெயர்த்தேன். பிறகு, "இது பொய். நான் பக்கத்தில நிண்டனான்" என்று பாக்கியத்துக்குச் சொன்னேன். அதையே ஆங்கிலத்தில் சபைக்குக் கேட்கும்படி சொன்னேன். டக் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நம்மவர்களில் இரண்டு பேர் என் கையைப் பிடித்து, "செத்தவீட்டில பிரச்சினை வேண்டாம்" என்றார்கள். யாருடைய செத்தவீடு அது?

பாக்கியம் இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார். சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்த அடுத்த நாள் கூட்டிப்போனேன். மரம் நின்றது, பரண் இல்லை. ஆணி பிடுங்கிய ஓட்டைகள் பால்வெள்ளையாக இருந்தன. மரத்தூள் நனையாமல் சருகுக்கு மேலே கிடந்தது. பாக்கியம் சுற்றிப் பார்த்துவிட்டு, "மழை முந்தநாள்தானே பெஞ்சது? இது அதுக்குப் பிறகு கழட்டினது" என்றார். அவரும் அந்தக் காட்டோரத்தில் பிறந்தவர்தான். பற்றைச் செடிகளுக்குள்ளே கையை விட்டு ஒரு பலகைத் துண்டை எடுத்தார். கறுத்து, பஞ்சுபோல் உக்கிய துண்டு. துருப்பிடித்த ஆணி அதிலேயே இருந்தது. புதுப் பலகை ஒன்றும் அந்த மரத்தில் ஒருநாளும் ஏறியிருக்கவில்லை.

பொலிசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மரியாதையாக நடத்தினார்கள், எல்லாவற்றையும் எழுதினார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது: விபத்து. பாதுகாப்புக்காகப் பரணைக் கழற்றியதாகக் காணிக்காரரான டக்கின் மச்சான் சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை என்ன பேசப்பட்டது என்பதற்கு என் சொல்லும் டக்கின் சொல்லும் மட்டும்தான் இருக்கிறதாம். டக் இன்றைக்கும் எங்கள் போர்மன். காலையில் அவர் வணக்கம் சொல்கிறார். நான் மெஷினைப் போட்டுவிடுகிறேன். சாப்பாட்டறைப் படத்தை நான் கழற்றிக் குப்பையில் போட்டேன். செய்தது நான்தான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

சாமித்தம்பியைத் தெரிந்தவர்களே, அவரை இயற்கைப் பிரியர் என்று எழுதாதீர்கள். விபத்தில் காலமானார் என்றும் எழுதாதீர்கள். தன் அறிவை மூன்று வருடம் எடுத்துக்கொண்டவர்கள், ஒரு பலகை மாற்றச் சோம்பல்பட்டதால் செத்தார் என்று எழுதுங்கள்.

பாக்கியம் அவருடைய காட்டுச் சப்பாத்தை எனக்குத் தந்திருக்கிறார். அளவு சரி. அதைவிட, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம். அதில் ஒரு பங்கு எனக்கும் உரியது. மானின் அடையாளத்தை மூன்று மரத்தில் சரிபார்க்காமல் நம்பாத மனிதர், பரணை மட்டும் ஒரே வார்த்தையில் நம்பி ஏறினார். டக் பேசிய ஆங்கிலம் அவருக்கு விளங்காது. அவர் நம்பியது என் தமிழை.