ராமர் வேஷத்துக்கு ஒரு வில்

என் வீட்டுக்காரருக்கு ஆணி அடிக்கத் தெரியாது. அவர் அடித்த ஆணியில் சட்டையை மாட்டினால் சட்டையும் ஆணியும் சேர்ந்தே கீழே கிடக்கும். அப்படிப்பட்டவர் ஒரு நாள் சரக்குக் கிட்டங்கியில் வேலை முடிந்து வந்து, காலைக்கூடக் கழுவாமல், "நான் வில்லு செய்யப் போறேன்" என்றார்.

சிராங்கூன் சாலையில் மின்சார டிராம் புதிதாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். அங்கிருந்த கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் சேர்ந்து ஒரு நாடக சபை வைத்திருந்தார்கள். அந்த வருஷம் சீதா கல்யாணமும் வனவாசமும். இவருக்கு ராமர் வேஷம். எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். மூட்டை தூக்குகிறவர்களை நாள் முழுக்க அதட்டி அதட்டி இவருக்குத் தொண்டை நன்றாகத் திறந்திருந்தது. கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் என்று சபைக்காரர்கள் மகிழ்ந்துபோனார்கள். ராமர் எப்போது அதட்டினார் என்று அவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

மூங்கிலை வளைத்து ஜிகினாத்தாள் ஒட்டினால் போதும் என்றுதான் சபையில் சொல்லியிருக்கிறார்கள். இவருக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டுவிட்டது.

"எங்க பாட்டன் பூட்டனெல்லாம் பாளையத்துல வில்லுப் பிடிச்சவங்க. என் கையில பொம்மை வில்லா?"

கல்யாணம் பேசியபோது இவருடைய பாட்டனார் செக்கு ஓட்டினார் என்று எங்களிடம் சொன்னார்கள். செக்கு மாடு எப்போது போர்க்குதிரையானது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கதை வரும்.

முதல் வில்லுக்கு என் உலக்கை பலியானது. நான் குழாயடிக்குப் போய்த் திரும்புவதற்குள் அதை நெடுக்காகப் பிளந்து, கூடம் முழுக்கச் சீவலாக்கி வைத்திருந்தார். வயிரம் பாய்ந்த மரம், வில்லுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று என்னிடமே பெருமை பேசினார். ஊரில் எத்தனை மாவு இடித்த உலக்கை! நாண் கட்டி ஒரே இழுப்பு. படீரென்று இரண்டாகி, ஒரு துண்டு பக்கத்து வீட்டு முற்றத்தில் போய் விழுந்தது. அடுத்தது கிட்டங்கியில் கிடந்த சாமான் பெட்டியின் பலகை. அதன் நடுவில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கணு இருந்தது. கண் உள்ள எவருக்கும் தெரியும். இவர் மட்டும், "கணு இருந்தாத்தான் பலம்" என்றார். அது நாண் ஏற்றும்போதே கணுவில் பிளந்துகொண்டது.

பிறகுதான் கடற்கரையில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்காரர் ஒருவரிடம் கேட்டு, ஒரு நிபோங் மரத்தைத் தோளில் சுமந்துவந்தார். நிபோங் என்பது ஒரு வகைப் பனை. மீன் பிடிக்கக் கடலில் நட்டு வைப்பார்கள். உப்புத் தண்ணீரிலும் லேசில் உளுக்காது. உள்ளே மெத்தென்ற சோறு, வெளியே கறுப்பாக இரும்பு மாதிரி. அந்த வெளிப்பக்கத்தைத் தொடாமல் உள்பக்கத்தை மட்டும் சீவ வேண்டும் என்று அந்த மலாய்க்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். இவரும் யார் பேச்சையோ முதல்முறையாகக் கேட்டார். என் பேச்சையல்ல என்பதால் கேட்டிருப்பார்.

வேலை முடிந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து சீவுவார். உளி தோற்றால் உடைந்த புட்டிக் கண்ணாடியால் சுரண்டுவார். நடுவில் பிடி கனமாக, அதற்கு இருபுறமும் வில்லின் இரண்டு கையும் நுனிக்குப் போகப் போக மெலிந்து வர வேண்டுமாம். தூண்டில் கயிற்றை முறுக்கித் தேன்மெழுகு தேய்த்து நாண் செய்தார். பிடியை வாசல் நிலையின் மேலே இருந்த கொக்கியில் மாட்டி, நாணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்து, இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று தள்ளி நின்று பார்க்கச் சொன்னார். அரிசி உலையை விட்டுவிட்டு வந்து நான் பார்க்க வேண்டும்.

"இடது பக்கம் மொண்டிக் கால் மாதிரி நிக்குதுங்க. வளையவே இல்ல."

"உனக்கு என்னடி தெரியும்? சும்மா சொல்லாத."

மறுநாள் காலையில் பார்த்தால் இடது பக்கத்தின் அடியில்தான் புதுத் தூள் குவிந்து கிடந்தது.

கடைசியில் அது வில்லாகிவிட்டது. தேங்காயெண்ணெய் பூசிக் கையில் கொடுத்தார். பளபளவென்று, பாம்பைப் பிடித்தது போலிருந்தது. இழுத்துப் பார்த்தேன். என் பலத்துக்கு ஒரு சாண்கூட வரவில்லை. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சுயம்வரத்தில் ராமர் வில்லை ஒடிக்க வேண்டுமே! அதற்காகச் சபைக்காரர்கள் இரண்டு மூங்கில் துண்டை நடுவில் பசையால் ஒட்டி, தங்கத்தாள் சுற்றி ஒரு பொய் வில் வைத்திருந்தார்கள். காட்டுக்குப் போகும் காட்சிக்குத்தான் இவருடைய வில். இவர் என்ன செய்தார் தெரியுமா? தன்னுடைய வில்லுக்கும் அதே தங்கத்தாளைச் சுற்றினார்.

"ஒரே ராமருக்கு ரெண்டு தினுசு வில்லா? பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரி இருந்தா மாறிப் போயிடாதுங்களா?"

"செஞ்சவனுக்குத் தெரியாதா?"

செய்தவருக்குத் தெரியும். சுயம்வர வில்லைப் பெட்டியில் வைத்த சபைக்காரர்களுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கொட்டகை நிறையக் கூட்டம். பெண்களை மேடையோரமாகத் தட்டிக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் மூச்சு விட்டாலும் எங்களுக்குக் கேட்கும். சீதை வேஷம் போட்டவர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா. கையில் பெரிய செவ்வந்தி மாலையோடு நாணிக்கொண்டு நின்றார். நான்கு பேர் முனகி முனகி வில் இருந்த பெட்டியைத் தூக்கி வந்தார்கள். என் வீட்டுக்காரர் நீலச் சாயம் பூசிய கையால் வில்லை எடுத்தார். எடுத்ததும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கனம் தெரிந்துவிட்டது.

நாணை இழுத்தார். அழகாக வளைந்தது. கூட்டம் கை தட்டியது. இன்னும் இழுத்தார். இன்னும் வளைந்தது. ஒடியவில்லை. முழங்காலில் வைத்து அமுக்கினார். காலடியில் போட்டு மிதித்தார். கிரீடம் சரிந்து ஒரு காதை மூடியது. நீலச் சாயம் வியர்வையில் கரைந்து கழுத்தில் கோடு கோடாக இறங்கியது. மேளக்காரர், ஒடியும் நேரத்துக்காகக் கோலை ஓங்கியவர், ஓங்கியபடியே இருந்தார்.

சீதை மெல்லக் கிட்டே வந்து முணுமுணுத்தது. "அண்ணை, இது மற்ற வில்லல்லோ?"

"தெரியுதுய்யா, பேசாம நில்லு."

"கெதியா ஏதாவது செய்யுங்கோ. எனக்குக் கை நோகுது."

ஜனகராக நின்ற மளிகைக் கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, "வளைச்சாச்சுல்ல, போதும்லா!" என்றார். அதற்குமேல் சீதைக்குப் பொறுக்கவில்லை. இரண்டே எட்டில் வந்து, ஒடியாத வில்லுக்கும் சேர்த்து மாலையைக் கழுத்தில் போட்டுவிட்டது. கொட்டகை சிரித்த சிரிப்பில் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அலறி எழுந்தது. முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்த ராமர் யார் வீட்டுக்காரர் என்று எனக்கென்ன தெரியும்?

காட்டுக் காட்சிக்கு ராமர் மூங்கில் வில்லோடு போனார். பாதி வழியில் அது தானாகவே கழன்று விழுந்தது.

நாடகம் முடிந்து வீடு திரும்பும்போது சாயம் கலையாத முகத்தோடு, அந்த நிபோங் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு சிராங்கூன் சாலை நடுவே நடந்தார். டிராமில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தெரிந்தவர்கள், "என்ன ராமரே, ஒடிச்சாச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவமானத்தில் குனிந்து வருவார் என்று நினைத்தேன். அந்த மனிதர் கேட்ட ஒவ்வொருவரிடமும் நின்று, "எப்படி ஒடியும்? நான் செஞ்சதாச்சே!" என்று வில்லை வளைத்து வளைத்துக் காட்டினார். சபை கெட்டது, நாடகம் கெட்டது, அடுத்த வருஷம் இவரைத் திரை இழுக்கக்கூடக் கூப்பிடப் போவதில்லை. அது எதுவும் அந்த மண்டையில் ஏறவில்லை.

நான் பத்தடி பின்னால் வந்தேன். ரோச்சோர் பாலத்தருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் கிடைத்தது மாதிரி முகம்.

"பார்த்தியா? உடையல."

"உடையல" என்றேன். "முகத்தைத் துடைங்க, வாயெல்லாம் நீலம்."