‘நேரடியாகப் பட்டதா?’

“சார், ஒரு அணுவ லேசரால ஓங்கி அடிச்சா, அது என்ன வெளிச்சத்தத் திருப்பித் தரும்?”

மணிமங்கலத்தில் என் வீட்டு மாடியில் ஆறு ஆண்டுகள் குடியிருந்த கோமதிநாயகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி ஆசிரியனான என்னிடம் கேட்டது இது. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் லேசர் வெல்டிங் வேலை. சென்ற மாதம் ஒரு காலையில் அவருடன் வேலை செய்த சேகர் போனில் அழைத்து, “சார், நாயகம் பூட்டாரு” என்றார். கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி எதிரே வந்து மோதியிருந்தது. மாலைக்குள் அறிவிப்புப் பலகையில் காரணமும் ஏறிவிட்டது: ‘பணியாளரின் கவனக்குறைவு’.

அவரை அறிந்தவர்களே, நீங்கள் சொல்லுங்கள். திருகாணி கீழே விழுந்தால் ஓசையை வைத்தே அளவு சொல்கிற மனிதரா கவனம் குறைந்தவர்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தவறான விடைதான் சொன்னேன். சுவரில் பந்தை எறிந்தால் அதே பந்துதானே திரும்பும், அதுபோல வந்த நிறமே திரும்பும் என்றேன். பிறகு படித்துப் பார்த்தேன். மெல்லிய ஒளிக்குத்தான் அது பொருந்தும். சரியான நிறத்தில் வலுவான லேசர் படும்போது, அணு இரண்டு நிலைகளுக்கு இடையே ஏறி இறங்கித் துடிக்கிறது. அந்தத் துடிப்பு அது சிதறும் ஒளியிலும் கலந்துவிடுகிறது. ‘ஆ’ என்று இழுத்துக்கொண்டே மார்பில் தட்டினால் குரலில் தட்டும் சேர்ந்து கேட்கிறதல்லவா, அப்படி. அதனால் திரும்பும் ஒளியில் மூன்று நிறங்கள்: நடுவில், வந்த அதே நிறம்; இருபுறமும் மயிரிழை விலகி இன்னும் இரண்டு. லேசர் வலுக்க வலுக்க அந்த இரண்டும் மேலும் விலகும்.

மாடிக்குப் போய் என் விடையைத் திருத்திச் சொன்னேன். உடனே கேட்டார்:

“அப்போ, சிதறுத வெளிச்சத்தப் பாத்தே அணு எம்புட்டு அடி வாங்குதுன்னு சொல்லிரலாம்?”

“சொல்லலாம்.”

“அணுகிட்டகூட கேக்காங்க சார். எங்கிட்ட கேக்க ஆளில்ல.”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வெல்டிங் கூண்டின் தடுப்புக் கண்ணாடி விரிசல் விட்டபோது, வேலை நிற்கக் கூடாதென்று கறுப்புப் பிளாஸ்டிக் தகட்டை மாட்டியிருக்கிறார்கள். இருட்டாகத் தெரிந்தால் பாதுகாப்பு என்று நினைப்பு. அந்த லேசர் கண்ணுக்கே தெரியாத ஒளி. கண்ணுக்குக் கறுப்பாயிருக்கும் தகடு அதை அப்படியே உள்ளே விட்டுவிடலாம். பளபளத்த உலோகத்தில் பட்டுச் சிதறியது மாதக்கணக்கில் அவர் கண்ணுக்குள் போயிருக்கிறது. கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் கம்பி நடுவில் வளைந்து தெரிகிறதென்று அவர் சொன்னபோது சூப்பர்வைசர் சிரித்தாராம்.

“லேசர் இன்னா கொசுவாய்யா, சுத்திகினு வந்து கடிக்க?”

“கொசுன்னா சத்தமாவது கேக்கும்லா சார்” என்றாராம் இவர்.

பிறகு ஒரு படிவம் தந்தார்கள். அதில் இருந்தது ஒரே கேள்வி: ‘லேசர் உடலில் நேரடியாகப் பட்டதா?’ அதை என் மேசையில் வைத்துத்தான் நிரப்பினார். “மேல படல. ஆனா…” என்று இழுத்தார். “கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுதுங்கள்” என்றேன் நான். முப்பது ஆண்டுகள் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்த நாக்கு! ‘இல்லை’ என்று எழுதினார். கோப்பு மூடியது. அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

கண்தான் அவரைக் கொன்றது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. கண்ணைச் சோதிக்காமலே ‘கவனக்குறைவு’ என்று இறந்தவர் மேல் பழி எழுதிய அந்தக் கையை நான் மன்னிக்க மாட்டேன். என் நாக்கையும்தான்.

எனக்குக் காட்டுவதற்காக அவர் கொண்டுவந்த கறுப்புத் தகட்டின் துண்டு என் மேசையில் இருக்கிறது. அவர் முடிக்காமல் விட்ட அந்த ‘ஆனா’வும் என்னிடம்தான் இருக்கிறது.

லேசர் அருகே வேலை செய்கிறவர்களே, இன்றே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியை நேராகப் பாருங்கள். பிறகு மறு கண்ணைப் பொத்திக்கொண்டும் பாருங்கள். எந்தக் கம்பியாவது வளைந்தோ இடையில் விட்டுப்போயோ தெரிந்தால் விழித்திரை புண்பட்டிருக்கலாம்; யாருடைய படிவத்துக்கும் காத்திராமல் கண் மருத்துவரிடம் போங்கள்.