பேட்டரியைக் கழற்றிய பிறகும் எரிந்த பல்பு

போன வாரம் அரியலூர் மேம்பாலத்தில் என் பின்னால் ஒரு சிமெண்ட் லாரி ஹாரன் அடித்தது. எனக்கில்லை — எனக்கு முன்னால் ஏற்றத்தில் நின்றுபோன எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு. ஓட்டி வந்தவர் எங்கள் தெரு செல்வி. கால் வைக்கும் இடத்தில் இரண்டு பெரிய வாளி இட்லி மாவு.

பைக்கை ஓரங்கட்டிவிட்டுத் தள்ளிக்கொடுத்தேன். மேலே போனதும் செல்வி மூச்சு வாங்கினார்.

"இது மூணாவது தடவைண்ணே. ஏத்தத்துல நின்னு கிளம்புனா பொசுக்குனு ஆஃப் ஆயிடுது. பின்னாடி லாரி வேற முட்டுற மாதிரி வந்து நிக்குது. இன்னொரு வாட்டி நின்னா வண்டியும் வேணாம், மாவு யாவாரமும் வேணாம்."

அந்த மாவில்தான் அவருடைய இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

யாராவது கஷ்டம் என்றால் ஆலோசனை சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது... உங்களுக்குத்தான் தெரியுமே. "சூப்பர் கெப்பாசிட்டர் வெச்சா சரியாயிடும்மா" என்றேன். யூடியூபில் நாலு வீடியோ பார்த்திருக்கிறேன். அது போதாதா?

மறுநாள் ஸ்கூட்டரைக் குட்டி யானையில் ஏற்றிப் பெரம்பலூருக்குக் கொண்டுபோனோம். அங்கே நசீர் பாய் பட்டறை வைத்திருக்கிறார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பல வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தவர்.

"மைலேஜ் கூடுமா பாய்?" என்றார் செல்வி.

"கூடாதும்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஏத்தத்துல நிக்காது, இன்ஷா அல்லாஹ்."

விஷயம் எளிது. நெல் மூட்டையைத் தலையில் சுமந்து எவ்வளவு தூரமும் நடப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால், தரையிலிருந்து தூக்கிவிட இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். சுமந்து நடப்பது பேட்டரி. கிளம்பும் அந்தச் சில நொடிகள் கை கொடுப்பது சூப்பர் கெப்பாசிட்டர். சமதளத்தில் போகும்போது பேட்டரியிடமிருந்தே மறுபடி நிரப்பிக்கொள்ளும்.

காலியான கெப்பாசிட்டரை நேராக பேட்டரியில் மாட்டினால் மொத்தக் கரண்டையும் ஒரே இழுப்பில் இழுத்துப் பொறி பறக்குமாம். அதனால் பாய் நடுவில் ஒரு பழைய குண்டு பல்பை இணைத்தார். பல்பு மங்கலாகச் சிவந்தது. "இது அணையிற வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு மதிய லுஹர் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்தபோது பல்பு முழுக்க அணைந்திருந்தது. பிறகுதான் கெப்பாசிட்டர் பெட்டியின் இரண்டு போல்ட்டுகளிலும் நேர் இணைப்பு கொடுத்தார். ஊர் திரும்பும் முன் சார்ஜ் ஏற்றிவிடலாம் என்று பேட்டரியைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுபோனார்.

செல்வி பர்ஸிலிருந்து கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் குங்குமத்தை எடுத்தார். வண்டியில் புதிதாக எது மாட்டினாலும் பொட்டு வைக்காமல் நம்மூரில் யார் ஏறுகிறார்கள்? குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு, செப்புக் காப்பு போட்ட கையை நீட்டி கெப்பாசிட்டர் பெட்டி மேல் குனிந்தார்.

"ரெண்டு போல்ட்டுலயும் வைக்கலாமாண்ணே?"

"தாராளமா வைம்மா. பேட்டரியத்தான் கழட்டியாச்சே... ஒண்ணும் ஆகாது."

"கைய எடும்மா."

பாய் சத்தம் போடவில்லை. ஆனால், இரண்டே எட்டில் வந்து செல்வியின் கையைத் தட்டிவிட்டார். பிறகு அந்தப் பழைய பல்பின் இரண்டு வயர்களையும் இரண்டு போல்ட்டுகளில் வைத்தார்.

பல்பு எரிந்தது. பேட்டரி அந்தப் பக்கம் மேஜையில் இருந்தது!

"பேட்டரியக் கழட்டுனாலும் இது கரண்ட்ட உள்ள வெச்சிருக்கும் சார். அந்தச் செப்புக் காப்பு ரெண்டு போல்ட்டுலயும் பட்டிருந்தா கை வெந்து போயிருக்கும்."

செல்வி காப்பைத் தடவிக்கொண்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. யோசித்துப் பாருங்கள்... "ஒண்ணும் ஆகாது" என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அடுத்தவர் கையை வைக்கும் இடத்தில்தானே?

பாய் போல்ட்டுகளை ரப்பர் மூடியால் இறுக்கி மூடினார். "இப்ப வைம்மா. மூடி மேல எத்தனை பொட்டு வேணும்னாலும் வை. பொட்டைத் தாண்டி மூடியக் கழட்டணும்னா மட்டும் எனக்கு போன் போடு."

நேற்று காலை அதே மேம்பாலம். பாதி ஏற்றத்தில் முன்னால் போன பஸ் நின்றது. அதற்குப் பின்னால் செல்வி, இரண்டு வாளி மாவோடு. அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் லாரி.

பஸ் நகர்ந்தது. செல்வி ஆக்ஸிலேட்டரைத் திருகினார். வண்டி ஒரு திணறலும் இல்லாமல் ஏறிப்போனது. சந்தோஷத்தில் அதையே பார்த்துக்கொண்டு கிளட்சை விட்டேன்... என் பெட்ரோல் பைக் ஆஃப் ஆகிவிட்டது.

லாரி ஹாரன் அடித்தது. இந்தத் தடவை எனக்குத்தான்.

மேலே ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்த செல்வி கேட்டார்: "வந்து தள்ளிவிடவாண்ணே?"