பொடி எழுத்தில் ஒரு மன்னிப்பு

"மேல் வரிய எல்லாரும் வாசிச்சிடுவாங்க சார். கீழ போங்க, கீழ!" என்று அட்டையை நம் மூக்குக்கு முன்னால் நீட்டுகிறார் கண்ணாடிக் கடைக்காரர். கிட்டப் பார்வையைச் சோதிக்கும் அட்டை. மற்ற கடைகளில் அதில் ஏதோ நாலு வாக்கியம் இருக்கும். இங்கே இவரே எழுதிய கவிதை. முதல் வரி கட்டைவிரல் பருமன். போகப் போகச் சிறுத்து, கடைசி வரி எறும்பு ஊர்கிற மாதிரி. பிடிக்காவிட்டாலும் உரக்க வாசித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பவரைக் கூட்டிவிடுவார்.

எழுதியதை வாபஸ் வாங்குவது இவருக்கு இன்னொரு வழக்கம். மழையைத் திட்டி ஓர் அட்டை போட்டார்; வெயில் வாட்டியதும் மழையிடம் மன்னிப்புக் கேட்டு மறு அட்டை. "வாய் தவறினா வாயால சரி பண்ணலாம். கவிதைல தவறினா கவிதைலதான் சார்" என்பார். ஆனால் ஆள் விவரமானவர். திட்டு எப்போதும் மேல் வரியில் இருக்கும், மன்னிப்பு அடி வரியில்.

போன மாதம் வம்பை விலை கொடுத்து வாங்கினார். 'என் வீட்டு வானொலிக்கு நிறுத்தும் பொத்தான் இல்லை' என்று மேல் வரியில் எழுதிவிட்டார். மனைவிதான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பிரேமில் லென்ஸ் பொருத்துகிறவர். வந்தவர் போனவர் வாயாலெல்லாம் அதை நாள் முழுக்கக் கேட்டார். மூன்றாம் நாள் வானொலி நின்றுவிட்டது.

"பதினோரு நாளாச்சு சார். வீட்ல கடிகாரம் ஓடுற சத்தம் கேக்குது" என்று என்னிடம் புலம்பினார். சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

நேற்று பிரேமைச் சரிசெய்யப் போயிருந்தேன். அது முடிந்ததும் கடைக்காரர் மனைவியைச் சோதனை நாற்காலியில் உட்கார வைத்து, புது அட்டையை நீட்டினார். 'சொன்னது பொய். நீ பேசாத வீட்டில் எனக்குத் தூக்கம் வரவில்லை.' வழக்கம்போல் அடி வரியில், பொடி எழுத்தில்.

அந்த அம்மா உதட்டைப் பிதுக்கினார். இவர் லென்ஸை மாற்றினார். மறுபடியும் பிதுக்கல். நாலாவது லென்ஸுக்குத்தான் வாய் திறந்தது.

"தெரியல."

சற்று முன்புதான் என் பிரேமின் கடுகளவு திருகை வெறுங்கண்ணால் மாட்டிக் கொடுத்தவர் அவர்.

"கொஞ்சம் நல்லா பாரேன்..."

"தெரியலங்க. வாசல் கண்ணாடில பெருசா எழுதுங்க. ரோட்ல போறவங்க வாசிச்சா எனக்குக் கேக்கும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு பெயின்ட் டப்பாவும் தூரிகையுமாக வாசலில் ஸ்டூல் போட்டு ஏறினார். ஸ்டூல் ஆடியது. அம்மா எழுந்து போய் ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை விரித்து, எழுத்து இன்னும் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று காட்டினார்.